சோறு கிடைக்கும் இடத்தில் தங்குங்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் போகும் குடும்பங்களுக்கு

முதல் தடவை போனபோது காலை ஏழரைக்கு சாங்கி விமான நிலையத்தில் இறங்கினோம். முந்தைய நாள் விடியவே யாழ்ப்பாணத்தில் வான் ஏறி, ஏ9 வீதியால் கட்டுநாயக்கவுக்குப் போய், நள்ளிரவு தாண்டி விமானம் ஏறி வந்த உடம்பு. ஹோட்டல் வாசலில் நிற்கும்போது ஒன்பதரை மணி. அறை மூன்று மணிக்குத்தான் என்றார்கள். நான்கு வயது மகன் வரவேற்பறைக் கதிரையில் சுருண்டு படுத்துவிட்டான். அம்மம்மா பெட்டியின் மேல் தலை சாய்த்துக்கொண்டா. அன்றைக்கே மாலை யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதாக வேறு திட்டம் போட்டிருந்தோம். ரிக்கெற் வீணாகியது.

எந்தச் சவாரியில் முதலில் ஏறுவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்து போகிற குடும்பத்துக்கு நாள் குழம்புவது பெரும்பாலும் நித்திரையாலும் பசியாலும்தான். ஆகவே இந்த வழிகாட்டி தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் பற்றி மட்டும். இரண்டாம் தடவை போனபோது எல்லாம் சரியாக அமைந்தது. அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலாம் படி: நாளைக் குறியுங்கள்

எங்கள் பள்ளிக்கூட விடுமுறை ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பரில் வரும். சிங்கப்பூரில் பெரிய விடுமுறைகள் ஜூன் மாதமும், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசெம்பர் முடியும்வரையும். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் ஒவ்வொரு வாரம் உண்டு. அதனால் டிசெம்பரில் போனால் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்பார்கள், ஹோட்டல் விலையும் ஏறும், மழையும் இருக்கும். இடி மின்னல் வந்தால் வெளியிலுள்ள சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஏப்ரலும் ஓகஸ்டும் நல்லது. ஓகஸ்ட் 9 சிங்கப்பூரின் தேசிய தினம். அதை ஒட்டிய நாட்களைத் தவிர்த்து, வார நாளாகப் பாருங்கள்.

ஓகஸ்டில் எங்களுக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. நல்லூர்க் கொடியேறினால் 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை. அந்த நாட்களுக்குள் பயணம் விழுந்தால் குடும்பம் முழுக்க சைவம். கீழே சைவக்காரருக்கு எழுதியிருக்கும் பகுதி அப்போது எல்லோருக்கும் பொருந்தும்.

பூங்கா ரிக்கெற் நாள் குறித்து விற்கப்படுகிறது. 13 வயதிலிருந்து பெரியவர் விலை, 4 முதல் 12 வரை சிறுவர் விலை, 4 வயதுக்குக் கீழே இலவசம். நாலாவது பிறந்தநாளுக்குக் கிட்ட உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் நாட்காட்டியை ஒருமுறை பாருங்கள்.

இரண்டாம் படி: எங்கே தங்குவது

பூங்கா இருப்பது செந்தோசாத் தீவில். தீவுக்குள்ளேயே, பூங்காவுக்கு நடந்து போகும் தூரத்தில் ஹோட்டல்கள் உண்டு. வசதிதான், விலையும் அதற்கேற்றபடி. நான் சொல்வது லிட்டில் இந்தியா. சிங்கப்பூர்த் தமிழர் தேக்கா என்று சொல்லும் இடம்.

காரணம் ரயில். ஊதா நிறத்தில் குறிக்கப்படும் வடகிழக்குப் பாதையில் லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க் தாண்டி அடுத்தது ஹார்பர்ஃபிரண்ட். ஐந்தாவது தரிப்பு, மாறி ஏறும் வேலையே இல்லை. ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு மேலேயே விவோசிட்டி என்ற பெரிய கடைத்தொகுதி. அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற தீவு ரயிலில் ஏறலாம். முதல் தரிப்பில் இறங்கினால் பூங்கா. தீவுக்குப் போக 4 வெள்ளி எடுப்பார்கள், திரும்பி வரக் காசு இல்லை. சிங்கப்பூரில் டொலரை வெள்ளி என்றுதான் தமிழில் சொல்கிறார்கள், இங்கும் அப்படியே எழுதுகிறேன். நடக்கக்கூடியவர்கள் விவோசிட்டியிலிருந்து கடலோர நடைபாதையால் போனால் அந்த 4 வெள்ளியும் மிச்சம்.

அதைவிடப் பெரிய காரணம் சோறு. காலையில் தோசையோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு ரயிலேறலாம். இரவு களைத்து வந்தால் அறையிலிருந்து நாலு எட்டில் சோறும் ரசமும் கிடைக்கும். கடைக்காரரிடம் "பிள்ளைக்கு உறைப்பு இல்லாமல் தாங்கோ" என்று எங்கள் தமிழிலேயே சொல்லலாம். வயதானவர்கள் வழி கேட்கப் பயப்பட மாட்டார்கள், தெருவிலும் நிலையத்திலும் தமிழ் எழுத்து இருக்கும். எங்கள் அம்மம்மா இரண்டாம் நாளே தனியாக வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய் வந்துவிட்டா.

தீவுக்குள் தங்குவது யாருக்குச் சரி? மத்தியானம் கட்டாயம் நித்திரை கொள்ள வேண்டிய மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையோ, நெடுநேரம் நிற்க முடியாதவரோ இருந்தால் சரி. ஒருவர் அறைக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வைக்கலாம், மற்றவர்கள் பூங்காவில் நிற்கலாம். அப்படியானால் பூங்கா நாளுக்கு முந்தைய ஒரு இரவு மட்டும் அங்கே, மிச்ச இரவுகள் தேக்காவில். நடுவில் பெட்டி மாற்றும் சிரமத்தையும் கணக்கில் எடுத்து முடிவு செய்யுங்கள்.

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் வேலைக்கு வந்த தொழிலாளர்கள் கூடுவதால் தெருவில் நெருக்கம் கூட. பயப்பட ஒன்றும் இல்லை, தள்ளுவண்டியோடு நடப்பதுதான் கடினம். அன்றைக்குச் சற்று வெள்ளென சாப்பிட்டு முடியுங்கள்.

மூன்றாம் படி: அறையைப் பதியும்போது

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். காசு அதிகம் போவதும் ஏமாற்றம் அதிகம் வருவதும் இங்கேதான்.

சிங்கப்பூரில் மலிவான அறைகள் பலவற்றுக்கு சன்னல் கிடையாது. அறையின் பெயரோடு சின்ன எழுத்தில் "நோ விண்டோ" என்று போட்டிருப்பார்கள். முற்றமும் விறாந்தையும் உள்ள வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது அடைத்த பெட்டி மாதிரி இருக்கும், விடிந்ததும் தெரியாது. இரண்டு இரவுக்குமேல் என்றால் சன்னல் உள்ள அறைக்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கள்.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. ஊரில் ஒரு அறையில் ஆறு பேர் பாய் விரித்துப் படுப்போம். அங்கே நடக்காது. பல ஹோட்டல்களில் ஒரு அறைக்கு இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை என்பதே எல்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வயதையும் பதியும்போதே போடுங்கள். போடாமல் போய் நின்றால் அந்த இடத்திலேயே இன்னொரு அறை எடுக்கச் சொல்வார்கள், அன்றைய விலைக்கு. அம்மம்மா, அப்பப்பா கூட வருகிறார்கள் என்றால் மூன்று கட்டில் உள்ள குடும்ப அறையைத் தேடுங்கள். இல்லையென்றால் உள்ளே கதவு உள்ள இரண்டு பக்கத்து அறைகள் கிடைக்குமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருப்பது நல்லது.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அது முழு விலை அல்ல. 10 சதவீத சேவைக் கட்டணம், அதற்குமேல் 9 சதவீத வரி. 100 வெள்ளி என்று கண்டது கடைசியில் 119 வெள்ளி 90 சதமாகும். உணவகப் பட்டியலிலும் இதே குறி வரும். ஹோக்கர் நிலையம் எனப்படும் பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில் இந்தச் சேவைக் கட்டணம் இல்லை, பலகையில் எழுதியதுதான் விலை.

வீடு வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கே தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசு அடுக்குமாடி வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். இணையத்தில் யாராவது இரண்டு நாளுக்கு அடுக்குமாடி வீடு தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள். சொந்தக்காரர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு கதை.

இனி அந்தக் காலை ஏழரை மணி விடயம். நள்ளிரவு விமானத்தில் போகிறவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை எடுத்து, விடியத்தான் வருவோம் என்று ஹோட்டலுக்கு எழுதிவிடுவது. எழுதாவிட்டால் ஆள் வரவில்லை என்று அறையை விட்டுவிடக்கூடும். இன்னொன்று, பெட்டிகளை ஹோட்டலில் கொடுத்துவிட்டு, குளிர் உள்ள இடத்தில் மூன்று மணிவரை மெதுவாகக் கழிப்பது. வயதானவர் அல்லது கைக்குழந்தை இருந்தால் யோசிக்காமல் முதலாவதைச் செய்யுங்கள். பகல் விமானம் கிடைத்தால் அதைவிட நல்லது வேறு இல்லை.

நான்காம் படி: கடதாசியும் பெட்டியும்

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு சிங்கப்பூருக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. ஆனால் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள். கைக்குழந்தைக்கும் தனியாக நிரப்புங்கள். சிங்கப்பூர் குடிவரவு ஆணையத்தின் தளத்தில் இது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். திரும்பும் ரிக்கெற்றையும் ஹோட்டல் பதிவையும் அச்செடுத்து வைத்திருங்கள், கேட்டால் காட்டலாம்.

பெட்டிக்குள் பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, பயத்தம்பணியாரம் கட்டாயம். பல நாள் கெடாது, அறையில் பசித்தால் கைகொடுக்கும். இறைச்சி, முட்டை சேர்ந்த எதையும் எடுக்காதீர்கள். பொரித்த கோழி, இறைச்சிக்கறி கட்டிக்கொண்டு போவது அங்கே பிரச்சினை. சூயிங்கம்மும் வேண்டாம்.

அப்பப்பாவின் வெற்றிலைப் பையைத் திறந்து பாருங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டது, சின்னத் துண்டு என்றாலும் சரி. யாழ்ப்பாணப் புகையிலை இல்லாமல் நாள் ஓடாதவர்களிடம் இதைப் பயணத்துக்கு இரண்டு கிழமை முன்னமே சொல்லிப் பழக்க வேண்டும். விமான நிலையத்தில் வைத்துச் சொன்னால் மனம் நோகும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். கடையில் போத்தல் வாங்கும் காசு முழுக்க மிச்சம்.

ஐந்தாம் படி: இறங்கும் நாள்

அன்றைக்குப் பூங்கா வேண்டாம். எங்கள் அனுபவத்தை மேலே சொல்லிவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து ரயிலில் என்றால் ஒரு தரிப்பு போய் எக்ஸ்போவில் மாறி, நீல நிற டவுன்டவுன் பாதையில் ஏறினால் நேரே லிட்டில் இந்தியா. மலிவு, ஆனால் நேரம் எடுக்கும். பெட்டிகளும் நித்திரைப் பிள்ளைகளும் இருந்தால் டக்சி எடுங்கள். 1.35 மீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்கு வாகனத்தில் சிறுவர் இருக்கை வேண்டும் என்பது அங்கே சட்டம். வழக்கமான டக்சிக்கு விலக்கு உண்டு. செயலியில் அழைக்கும் தனியார் காருக்கு இல்லை. ஆகவே வரிசையில் நிற்கும் டக்சியே சுலபம்.

ரயிலுக்கு உங்கள் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம், ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். 0.9 மீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்குக் காசு இல்லை. ரயிலுக்குள்ளும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. 500 வெள்ளி வரை தண்டம். தண்ணீர் ஒரு மிடறு என்றாலும் ஏறும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: பூங்கா நாளின் சாப்பாடு

முதலில் நேரக்கணக்கு. சிங்கப்பூர் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே. அங்கே மத்தியானம் பன்னிரண்டரை என்றால் யாழ்ப்பாணத்தில் பத்து மணி. பிள்ளையின் வயிறு முதல் மூன்று நாலு நாளுக்கு யாழ்ப்பாண நேரத்தில்தான் ஓடும். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டு இருத்தினால் சாப்பிடாது. பிற்பகல் மூன்றரைக்கு, ஊரில் ஒரு மணி ஆகும்போது, சவாரி வரிசையின் நடுவில் பசி என்று அழும். முதல் தடவை எங்களுக்கு இது விளங்கவில்லை, பிள்ளையை ஏசினோம். பிறகு யோசித்தபோது கவலையாக இருந்தது.

இதையே நன்மையாக்கலாம். பூங்காவின் உணவகங்களில் பன்னிரண்டு முதல் இரண்டு வரை நெருக்கம். அந்த நேரம் எல்லோரும் சாப்பிடப் போக, நீங்கள் சவாரிக்குப் போங்கள். உங்கள் மத்தியானச் சாப்பாட்டை இரண்டரை, மூன்றுக்கு வையுங்கள். மேசையும் கிடைக்கும், பிள்ளைக்கும் அப்போதுதான் பசிக்கும்.

காலையில் ஒரு சிக்கல். எட்டு மணி அங்கே என்றால் ஊரில் ஐந்தரை, பிள்ளையை எழுப்பவே பாடு. பூங்கா பெரும்பாலும் பத்து மணிக்குத் திறக்கும். எட்டேகாலுக்கு எழுப்பி, ஒன்பதுக்கு முன் ஏதாவது இலேசாகக் கொடுத்து, ரயிலேறுங்கள். இடியப்பம் வாங்கித் தரலாம் என்று ஆசைப்பட்டால் ஒரு விடயம் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே புட்டு மாயம் என்று விற்பது இடியப்பம்தான், ஆனால் சொதியும் சம்பலும் வராது. தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்துத் தருவார்கள். எங்கள் மகள் சொதி எங்கே என்று தேடினாள். மகனோ அதற்குப் பிறகு வேறெதுவும் கேட்கவில்லை, தினமும் அதுதான்.

பெரியவர்கள் சிராங்கூன் வீதியில் தோசை சாப்பிடலாம். கோமள விலாஸ் 1947 முதல் அங்கே இருக்கிறது, முழுச் சைவம். தேக்கா நிலையம் எனப்படும் சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளச் சாப்பாட்டுக் கடைகள் இன்னும் மலிவு.

பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு விடமாட்டார்கள். தண்ணீர்ப் போத்தலும் குழந்தைச் சாப்பாடும் கொண்டுபோகலாம். உள்ளே ஒருவர் வயிறாரச் சாப்பிட 15 வெள்ளியாவது எடுத்து வையுங்கள். பண்டைய எகிப்துப் பகுதியில் ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபே என்ற இடத்தில் எங்கள் வாய்க்கு நெருக்கமான இந்திய, மத்திய கிழக்குச் சாப்பாடு உண்டு. அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று பூங்காவின் செயலியில் காலையிலேயே பாருங்கள்.

மலிவாக முடிக்க வேண்டுமானால் வெளியே வாருங்கள். வாசலில் மீள்நுழைவு முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு விவோசிட்டிக்குத் திரும்பினால் மூன்றாம் தளத்தில் பெரிய உணவுக்கூடம் இருக்கிறது. ஹார்பர்ஃபிரண்ட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சியா இம் ஹோக்கர் நிலையம் அதைவிட மலிவு. ஆனால் போய்வர ஒன்றரை மணித்தியாலம் போகும், தீவுக்குத் திரும்பும் 4 வெள்ளியும் ஆளுக்கு இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். நான்கு பேருக்குக் கணக்குப் பார்த்தால் மிச்சம் பெரிதில்லை. நான் மத்தியானம் உள்ளேயே ஒரு வேளை சாப்பிட்டு, காலையையும் இரவையும் தேக்காவில் வைத்துக்கொள்ளுவேன். பாலும் பழமும் பணிசும் வாங்க விவோசிட்டியில் ஃபேர்பிரைஸ் பெரிய கடை உண்டு. அங்கே மூன்றாம் தளத்துத் திறந்த வெளியில் பிள்ளைகள் காசில்லாமல் தண்ணீரில் விளையாடலாம், மாற்றுடுப்பு கையில் இருக்கட்டும். ஜூராசிக் பார்க் படகுச் சவாரியிலும் அது தேவைப்படும், முழுக்க நனைத்துவிடும்.

ஹோக்கர் நிலையத்தில் சில பழக்கங்கள் இருக்கின்றன. மேசையில் ரிஷ்யூ பக்கெட் வைத்திருந்தால் அது ஒருவர் பிடித்த இடம். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 முதல் அது கட்டாயம். தேநீர் கேட்கும் முறையும் வேறு. "தே" என்றால் ரின்பால் விட்டு இனிப்பாக வரும். எங்கள் பிளேன்ரீ வேண்டுமென்றால் "தே ஓ" என்று சொல்லுங்கள். நீரிழிவுக்காரருக்கு "தே ஓ கொசோங்", அதில் சீனி இல்லை. கோப்பிக்கும் இதே மாதிரி. பார்சல் கட்டித்தர "டபாவ்" என்றால் எந்தக் கடையிலும் விளங்கும்.

ஏழாம் படி: சைவக்காரரும் ஹலால் பார்ப்பவரும்

லிட்டில் இந்தியாவுக்குள் சைவம் கேட்பது ஊரில் கேட்பது போலத்தான். வெளியே வந்தால் கவனம். மரக்கறி நூடில்ஸ் என்று சொல்லி, எலும்பில் அவித்த சாறிலோ சிப்பிச் சுவைச்சாறிலோ செய்திருப்பார்கள். மலாய்ச் சமையலில் பெலாச்சான் எனப்படும் இறால் விழுது பல சம்பல்களில் சேரும். இறைச்சி இல்லையா என்று கேட்பதோடு விடாமல் மீன், இறால், முட்டை, சாறு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சீனச் சைவக் கடைகளில் கோழி, வாத்து என்ற பெயரில் சோயாவில் செய்த உணவு வரும். அது சைவம்தான், ஆனால் தட்டில் பார்த்ததும் அம்மம்மா எழும்பிவிடக்கூடும். முன்பே சொல்லி வையுங்கள்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு சிங்கப்பூர் மிகச் சுலபம். இஸ்லாமிய சமய மன்றம் கொடுக்கும் ஹலால் சான்றிதழ் கடையில் தொங்கும், அதைப் பார்த்தால் போதும்.

எட்டாம் படி: மறுநாளும் திரும்பும் நாளும்

பூங்காவுக்கு அடுத்த நாளை வெறுமையாக விடுங்கள். நாங்கள் பத்து மணிவரை படுத்துவிட்டு சிலோன் ரோட்டில் உள்ள செண்பக விநாயகர் கோயிலுக்குப் போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து போன எங்கள் முன்னோர் கட்டி வளர்த்த கோயில் அது, இன்றும் அங்குள்ள இலங்கைத் தமிழர் சங்கம்தான் பராமரிக்கிறது. அம்மம்மாவுக்கு முழுப் பயணத்திலும் பிடித்த இடம் அதுதான்.

திரும்பும் விமானம் இரவென்றால் ஹோட்டல் பதினொன்று, பன்னிரண்டுக்கு அறையை விடச் சொல்லும். மாலைவரை அறையை வைத்திருக்க எவ்வளவு என்று முந்தைய நாளே கேளுங்கள். வயதானவர் இருந்தால் அந்தக் காசைக் கொடுப்பது நல்லது. மற்றவர்கள் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு லிட்டில் இந்தியாவிலுள்ள முஸ்தபா என்ற பெரிய கடையில் சாமான் வாங்கலாம். கட்டுநாயக்கவில் இறங்கினால் யாழ்ப்பாணம் வர இன்னும் ஆறு ஏழு மணித்தியாலம் இருக்கிறது. தேக்காவில் கடைசியாகச் சாப்பிடும்போது வான் ஓட்டத்துக்கென்று நாலு பொதி புளிச்சாதம் கட்டித்தரச் சொல்லுங்கள். தயிர்ச்சாதம் வேண்டாம், அந்த நேரத்துக்குள் புளித்துவிடும்.